கிரின்னல், கார்ல்டன், மெக்கலெஸ்டர்: மூன்றிலும் இடம் கிடைத்திருக்கிறது, எதை எடுப்பது?

#1 மருதாணி

அனைவருக்கும் வணக்கம். மகளுக்கு அமெரிக்காவில், அயோவாவின் கிரின்னல், மினசோட்டாவின் கார்ல்டன், மெக்கலெஸ்டர் மூன்றிலும் அனுமதி வந்திருக்கிறது. மூன்றும் உதவித்தொகையோடுதான். கணிதம், பொருளாதாரம் இரண்டிலும் மேஜர் (முதன்மைப் பாடம்) செய்து, பிறகு பொருளாதாரத்தில் பிஎச்.டி. வரை போகும் எண்ணம். மே 1-க்குள் ஒன்றில் டெபாசிட் கட்டியாக வேண்டும்.

தரவரிசையில் கார்ல்டன் மேலே இருக்கிறது. பணம் கிரின்னலில் கூடுதல். சொந்தபந்தத்தில் கேட்டால், ஊர் பெரியது என்று மெக்கலெஸ்டரைச் சொல்கிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சுழியம்

வாழ்த்துகள் அக்கா. முதலில் தரவரிசையைத் தூக்கி ஓரமாக வையுங்கள். மூன்றுமே நாட்டின் முன்னணிக் கல்லூரிகள். மூன்றிலும் ஒரு பேராசிரியருக்கு ஏறக்குறைய பத்து மாணவர்கள், மூன்றிலும் முதுகலை மாணவர்கள் கிடையாது, அதனால் பாடம் நடத்துவது பேராசிரியரே. இந்த விஷயங்களில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்க முடியாது. பிரிக்க முடிவது எது என்று பார்த்தால் முதலில் நிற்பது கல்வி நாட்காட்டி.

கார்ல்டனில் செமஸ்டர் இல்லை. வருடத்துக்கு மூன்று டெர்ம், ஒவ்வொன்றும் 10 வாரம், ஒரு டெர்முக்கு மூன்று பாடம். கிரின்னலும் மெக்கலெஸ்டரும் செமஸ்டர் முறை, ஒரு செமஸ்டருக்கு நான்கு பாடம். காகிதத்தில் சின்ன வித்தியாசம்தான், வாழ்கிறபோது பெரியது. 10 வாரத்தில் ரியல் அனாலிசிஸ் என்ற மேல்நிலைக் கணிதப் பாடம் படிக்கிறவர்களுக்கு மூன்றாவது, நான்காவது வாரமே முதல் தேர்வு வந்துவிடும். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தால் பாடத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஆனால் மூன்றே பாடம் என்பதால் ஒவ்வொன்றிலும் ஆழமாக இறங்கலாம். நான்கைந்து பாடங்களுக்கு நடுவே அலைபாய்கிற மனசுக்கு இது வரம். மெதுவாக ஊறி ஊறிப் புரிந்துகொள்கிற பிள்ளைக்குப் பாரம். உங்கள் மகள் இந்த இரண்டில் எந்த வகை என்பது அவளுக்குத்தான் தெரியும், அதை அவளிடமே கேளுங்கள்.

#3 பதிவேடு

சுழியம் சொன்னது சரி. அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது: மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் அவளுக்கு வேண்டிய பாடம் உண்மையில் நடக்குமா? சின்னக் கல்லூரியில் ஏமாற்றம் வருவது பெரும்பாலும் இங்கேதான்.

கேட்டலாக் என்ற பாடப் பட்டியலை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அதில் இருக்கும் பாடம் எல்லாம் வருடா வருடம் நடப்பதில்லை. மேல்நிலைப் பாடங்கள் பலவும் ஓராண்டு விட்டு ஓராண்டு நடக்கும். துறையில் ஏழெட்டுப் பேர் இருந்து, அதில் இருவர் ஒரே வருடம் சபாட்டிகல் என்ற ஆராய்ச்சி விடுப்பில் போனால் அந்த வருடப் பட்டியல் சுருங்கிவிடும். ஆகவே ரெஜிஸ்ட்ரார் அலுவலக இணையப் பக்கத்தில் இருக்கும் பழைய கால அட்டவணைகளை எடுங்கள். கடந்த இரண்டு வருடம் போதும். பிறகு இப்படிச் செய்யுங்கள்:

ஒரு தாளில் பருவத்துக்கு ஒன்றாக எட்டுக் கட்டம் போடுங்கள், கார்ல்டனுக்குப் பன்னிரண்டு. பொருளாதார பிஎச்.டி.க்குப் போக வேண்டிய கணிதத்தை வரிசையாக எழுதுங்கள்: மல்டிவேரியபிள் கால்குலஸ், லீனியர் ஆல்ஜீப்ரா, நிரூபணம் எழுதக் கற்றுத்தரும் பாடம், பிராபபிலிட்டி, கணிதப் புள்ளியியல், ரியல் அனாலிசிஸ். பொருளாதாரப் பக்கம் இடைநிலை மைக்ரோ, இடைநிலை மேக்ரோ, எகனோமெட்ரிக்ஸ், அதற்கு மேல் இரண்டு செமினார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முன்தேவை (முதலில் முடித்திருக்க வேண்டிய பாடம்) என்ன, எந்தப் பருவத்தில் நடந்தது என்று குறியுங்கள்.

இப்போது சிக்கல் எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். ரியல் அனாலிசிஸ் வருடத்துக்கு ஒரு முறை, இலையுதிர் பருவத்தில் மட்டும் நடக்கிறது என்று வையுங்கள். நிரூபணப் பாடம் இரண்டாம் ஆண்டு வசந்தத்துக்குத் தள்ளிப்போனால், ரியல் அனாலிசிஸ் மூன்றாம் ஆண்டு இலையுதிரில் வரும். அந்தப் பருவத்தில் அவள் வெளிநாட்டுப் படிப்புக்குப் போயிருந்தால் நான்காம் ஆண்டு இலையுதிருக்குப் போய்விடும். பிஎச்.டி. விண்ணப்பம் அனுப்பும் டிசம்பரில் அந்த மதிப்பெண் டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பட்டியலில் ஏறியிருக்காது. பொருளாதாரத் துறைகளின் சேர்க்கைக் குழு முதலில் தேடும் மதிப்பெண் அதுதான். ஒரே ஒரு பாடம் ஒரு பருவம் தள்ளிப்போனதில் வரும் இழப்பு இது. இப்படி ஒரு முடிச்சு எந்தக் கல்லூரியின் தாளில் குறைவாக இருக்கிறதோ, அதற்கு என் கணக்கில் பெரிய மதிப்பு.

#4 மருதாணி

பதிவேடு ஐயா, இப்படி யாரும் சொல்லவில்லை. மிக்க நன்றி. இரண்டு கேள்வி. இவள் 12-ஆம் வகுப்பில் கால்குலஸ் படித்திருக்கிறாள், அதற்குக் கிரெடிட் தருவார்களா? இரட்டை மேஜர் என்றால் கட்டாயப் பாடங்களுக்கு நடுவே இடம் இருக்குமா?

#5 பதிவேடு

கிரெடிட் (பட்டக் கணக்கில் சேர்வது) வேறு, ப்ளேஸ்மென்ட் (எந்தப் பாடத்தில் தொடங்கலாம் என்ற முடிவு) வேறு. ஏ-லெவல், ஐ.பி., ஏ.பி. போன்றவற்றுக்குக் கிரெடிட் விதிகள் எழுதி வைத்திருப்பார்கள். சி.பி.எஸ்.இ., மாநிலப் பாடத்திட்டம் என்றால் கிரெடிட்டை எதிர்பார்க்காதீர்கள், ப்ளேஸ்மென்ட்டைக் கேளுங்கள். கோடையில் கணிதத் துறை ஒரு ப்ளேஸ்மென்ட் படிவமோ தேர்வோ அனுப்பும். அதை அசட்டையாக முடிக்கக் கூடாது. இன்டெக்ரேஷன் உத்திகள், சீரிஸ் இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு உட்கார வேண்டும். நேராக மல்டிவேரியபிளில் தொடங்கினால் மேலே சொன்ன தாளில் ஒரு முழுப் பருவம் மிச்சமாகும்.

கட்டாயப் பாட விஷயத்தில் மூன்றும் நன்றாகவே வேறுபடுகின்றன. கிரின்னலில் எல்லாருக்கும் பொதுவான கட்டாயம் முதல் செமஸ்டர் டியூட்டோரியல் ஒன்றே ஒன்று. பட்டத்துக்கு 124 கிரெடிட், பாடம் ஒன்றுக்குப் பொதுவாக 4. மற்றதெல்லாம் மேஜரும் மாணவர் விருப்பமும். அந்த டியூட்டோரியல் நடத்தும் பேராசிரியர்தான் மேஜர் அறிவிக்கும் வரை அவளுக்கு ஆலோசகர். கட்டாயம் இல்லாத இடத்தில் ஆலோசகரின் சொல்லுக்கு எடை அதிகம். ஆகவே டியூட்டோரியல் விருப்பப் பட்டியல் கொடுக்கும்போது தலைப்பு கவர்ச்சியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், நடத்துகிறவர் எந்தத் துறை என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கார்ல்டனில் முதலாண்டு செமினார், அளவுசார் சிந்தனைப் பாடங்கள், மொழி, கலை, உடற்பயிற்சி வகுப்பு எல்லாம் கட்டாயம். மெக்கலெஸ்டரிலும் முதலாண்டுப் பாடம், எழுத்து, பன்னாட்டுப் பார்வை, இரண்டாம் மொழி என்று இருக்கின்றன. மொழிக் கட்டாயத்தை மட்டும் முதலிலேயே விசாரியுங்கள். தமிழ் தாய்மொழி என்று காட்டி விலக்கு வாங்க என்ன வழி, என்ன சான்று கேட்பார்கள் என்று ஒரு மின்னஞ்சல் போதும். கிடைத்தால் இரண்டு மூன்று பாடத்துக்கு இடம் திறக்கும்.

கார்ல்டனில் இன்னொன்று: எல்லா மேஜருக்கும் கடைசியில் காம்ப்ஸ் என்ற இறுதிப் பணி உண்டு. இரட்டை மேஜர் என்றால் இரண்டு காம்ப்ஸ். நான்காம் ஆண்டுக் குளிர்கால டெர்மில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் திட்டமிட வேண்டும்.

#6 ஆற்றுமணல்

கார்ல்டன் டெர்ம் முறையைப் பற்றிச் சுழியம் சொன்னதில் பாதியைத்தான் ஒத்துக்கொள்வேன். 10 வாரம் வேகம் என்று பயமுறுத்துகிறோம், அதன் லாபத்தைச் சொல்வதில்லை. வருடத்துக்கு மூன்று தொடக்கம் இருப்பதால், முன்தேவைச் சங்கிலி நீளமான கணிதம் போன்ற துறையில் ஏணி சீக்கிரம் ஏறலாம். செமஸ்டர் முறையில் இரண்டாண்டில் நான்கு படி, இங்கே ஆறு படி. பதிவேடு சொன்ன முடிச்சு விழுந்தாலும் அவிழ்க்க இன்னொரு டெர்ம் கையில் இருக்கும்.

விடுமுறையும் அப்படித்தான். இலையுதிர் டெர்ம் நவம்பரில் தேங்க்ஸ்கிவிங்குக்கு முன் முடிந்துவிடும், அடுத்தது ஜனவரியில். ஏறக்குறைய ஆறு வாரம். இந்தியா வந்துபோக இதைவிட வசதியான இடைவெளி கிடையாது, கிறிஸ்துமஸ் நெரிசலுக்கு முன்பே டிக்கெட்டும் எடுக்கலாம்.

#7 சுழியம்

ஏணி விஷயம் நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறுபக்கம் ஒன்று. கார்ல்டனில் வசந்த டெர்ம் ஜூன் தொடக்கத்தில்தான் முடியும். செமஸ்டர் கல்லூரிகள் மே நடுவிலேயே முடித்துவிடும். மே கடைசியில் தொடங்கும் கோடை இன்டர்ன்ஷிப்கள் சிலவற்றில் தொடக்கத் தேதியைத் தள்ளிக் கேட்க வேண்டிவரும். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், கேட்கத் தெரிய வேண்டும்.

#8 கணக்குப்பிள்ளை

படிப்பு பற்றி நல்லவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் பணத்துக்கு வருகிறேன். "கிரின்னலில் கூடுதல்" என்றால் முதல் வருடத்தில் கூடுதலா, நான்கு வருடத்திலும் கூடுதலா? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் டெபாசிட் கட்ட வேண்டாம்.

மூன்று கல்லூரியும் சேர்த்துக்கொண்ட பன்னாட்டு மாணவரின் கணக்கிட்ட தேவையை முழுதாக ஈடுகட்டுவதாகச் சொல்பவை. ஆனால் உதவிக் கடிதத்தில் வரும் தொகையில் இரண்டு வகை உண்டு. நீட் (need, தேவை) என்பது குடும்ப வருமானத்தை வைத்துத் தருவது. மெரிட் என்பது மதிப்பெண், திறமைக்குத் தருவது. கிரின்னலும் மெக்கலெஸ்டரும் மெரிட்டும் தருகின்றன, கார்ல்டன் ஏறக்குறைய முழுக்க நீட்தான். மெரிட் தொகை பெரும்பாலும் நான்கு வருடமும் அதே எண். கட்டணம் ஏறினாலும் அது ஏறாது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். மொத்தச் செலவு 90,000 டாலர், உதவி 62,000. முதல் வருடம் குடும்பம் தர வேண்டியது 28,000. கட்டணம் வருடம் 4 சதவீதம் ஏறுகிறது, உதவி அப்படியே நிற்கிறது. இரண்டாம் வருடச் செலவு 93,600, குடும்பப் பங்கு 31,600. மூன்றாம் வருடம் 97,344, பங்கு 35,344. நான்காம் வருடம் 1,01,238, பங்கு 39,238. நான்கும் சேர்ந்து 1,34,182 டாலர். 28,000-ஐ நான்கால் பெருக்கி 1,12,000 என்று நினைத்திருந்தால் 22,000 டாலருக்கு மேல் துண்டு விழுகிறது. ரூபாய் சரிவதை இதில் சேர்க்கவே இல்லை. இந்தியாவிலிருந்து அனுப்பும் பணத்தில் வங்கி பிடிக்கும் டி.சி.எஸ். வரியை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கும்.

ஆகவே மூன்று உதவி அலுவலகத்துக்கும் ஒரே கேள்வியை எழுத்தில் அனுப்புங்கள்: "குடும்ப வருமானம் மாறாமல் இருந்தால், கட்டணம் ஏறும்போது என் மகளின் கிராண்ட்டும் ஏறுமா, அல்லது முதல் வருடத் தொகையிலேயே நிற்குமா?" பதிலை மின்னஞ்சலாக வாங்கி வையுங்கள். தொலைபேசியில் கேட்டது கணக்கில் வராது.

கடிதத்தில் "வேலை" என்று ஒரு வரி இருக்கும். அது கையில் வரும் உதவி இல்லை, வளாகத்தில் வேலை செய்தால் கிடைக்கும் சம்பளம். எஃப்-1 மாணவர் விசாவில் பாட நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் உச்சவரம்பு. கல்லூரிகள் கொடுப்பது பெரும்பாலும் 8 முதல் 10 மணி. அந்தச் சம்பளம் மாதா மாதம் வரும், செமஸ்டர் தொடக்கத்தில் கட்ட வேண்டிய பில்லுக்கு உதவாது. ஆகவே முதல் பில்லில் அதைக் கழிக்காதீர்கள்.

கடைசியாக வரி. பலர் இதைச் சேர்ந்த பிறகுதான் கேள்விப்படுகிறார்கள். உதவித்தொகை கல்விக் கட்டணத்தையும் கட்டாயக் கட்டணங்களையும் தாண்டி விடுதி, சாப்பாட்டுக்குப் போனால், தாண்டும் பகுதிக்கு அமெரிக்காவில் வரி உண்டு. எஃப்-1 மாணவருக்கு 14 சதவீதம் பிடிப்பார்கள். கட்டணம் 70,000, உதவி 80,000 என்றால் மேல் 10,000-க்கு 1,400 டாலர், மாணவர் கணக்கில் பில்லாக ஏறும். இந்திய மாணவர்களுக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவால் ஸ்டாண்டர்டு டிடக்ஷன் (வரிக்கு முன் கழிக்கும் அடிப்படைத் தொகை) கிடைக்கும். 1040-என்.ஆர். என்ற அமெரிக்க வரிக் கணக்குப் படிவம் தாக்கல் செய்தால் பிடித்தது பெரும்பாலும் திரும்பி வரும். வருமானமே இல்லாத வருடத்திலும் 8843 படிவம் அனுப்பியாக வேண்டும்.

#9 மருதாணி

ஐயா, கடிதத்தில் இரண்டு தொகையும் தனித்தனி வரியாகத்தான் இருக்கின்றன. நாங்கள் கூட்டி ஒரே எண்ணாகப் பார்த்துவிட்டோம். இன்றே மூன்று இடத்துக்கும் எழுதுகிறேன்.

#10 வானிலை

கணக்குப்பிள்ளை கிரின்னலின் கையிருப்பைச் சொல்லவில்லை, நான் சேர்க்கிறேன். ஏறக்குறைய 1,700 மாணவர்கள், எண்டோமென்ட் (கல்லூரியின் முதலீட்டு நிதி) 200 கோடி டாலருக்கு மேல். கார்ல்டனில் ஏறக்குறைய 2,000 மாணவர்கள், எண்டோமென்ட் 100 கோடியைத் தாண்டும். மெக்கலெஸ்டருக்கு இரண்டையும்விடக் குறைவு. கிரின்னல் இப்படிச் செல்வம் சேர்த்த கதையில் அங்கே படித்த ராபர்ட் நாய்ஸுக்குப் பங்கு உண்டு. அவர் இன்டெல் தொடங்கியபோது கல்லூரி அதில் முதலீடு செய்தது.

இந்தப் பணம் உங்கள் மகளை எங்கே தொடும்? கோடை ஆராய்ச்சியில். கணிதம் படிப்பவர்கள் கோடையில் ஆர்.இ.யூ. என்ற ஆராய்ச்சித் திட்டங்களுக்கு விண்ணப்பிப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை தேசிய அறிவியல் அறக்கட்டளைப் பணத்தில் நடப்பவை. அந்தப் பணத்தை அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்பிடம் உள்ளவர்களுக்கும்தான் தர முடியும். எஃப்-1 மாணவருக்குக் கதவு ஏறக்குறைய மூடியிருக்கிறது. ஆகவே கல்லூரி தன் சொந்தப் பணத்தில் நடத்தும் கோடை ஆராய்ச்சிதான் அவளுக்கு முக்கிய வழி. கிரின்னலில் அதற்கு மேப் என்று பெயர், ஒரு பேராசிரியரின் கீழ் ஆழமாகச் செய்யும் திட்டம். மற்ற இரண்டிலும் இதுபோன்றவை உண்டு. கேட்க வேண்டியது: கடந்த கோடையில் கணிதத்திலும் பொருளாதாரத்திலும் எத்தனை மாணவர்களுக்கு ஊதியத்தோடு இடம் கிடைத்தது, அதில் பன்னாட்டு மாணவர்கள் எத்தனை பேர், எத்தனை வாரம், தங்குமிடம் இலவசமா? எண்ணைக் கேளுங்கள், "நிறைய வாய்ப்பு உண்டு" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள்.

#11 நடுக்கோடு

பிஎச்.டி. என்று சொன்னதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். பொருளாதார முனைவர் படிப்புக்கு இன்று பலர் நேராகப் போவதில்லை. பட்டம் முடித்து ஒரு பல்கலைக்கழகத்திலோ ஃபெடரல் ரிசர்வ் வங்கியிலோ ஆராய்ச்சி உதவியாளராக இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு விண்ணப்பிக்கிறார்கள். ப்ரீ-டாக் என்பார்கள்.

இங்கேதான் ஒரு ஆறு இலக்க எண் விளையாடுகிறது. பட்டம் முடித்த எஃப்-1 மாணவருக்கு ஓ.பி.டி. வேலை அனுமதி 12 மாதம். மேஜர் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம், மொத்தம் 36. பொருளாதாரம் ஸ்டெம்மா இல்லையா என்பதைக் கல்லூரி அந்த மேஜருக்குக் கொடுத்திருக்கும் சி.ஐ.பி. என்ற பாடப்பிரிவு எண் தீர்மானிக்கும். 45.0601 என்றால் பொதுப் பொருளாதாரம், நீட்டிப்பு இல்லை. 45.0603 என்றால் எகனோமெட்ரிக்ஸ், அளவுசார் பொருளாதாரம், நீட்டிப்பு உண்டு. பாடம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் எண் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். இரண்டு வருட ப்ரீ-டாக்குக்கு 12 மாத அனுமதி பாதி வழியில் அறுந்துவிடும்.

உங்கள் மகள் கணிதமும் சேர்த்து எடுப்பதால் நல்ல காலம். கணிதம் எங்கேயும் ஸ்டெம்தான். செய்யும் வேலை கணித மேஜரோடு நேரடித் தொடர்புடையது என்று காட்ட முடிந்தால் அதை வைத்தே நீட்டிக்கலாம், முதலாளி, வேலை அனுமதியைச் சரிபார்க்கும் ஈ-வெரிஃபை திட்டத்தில் இருக்க வேண்டும். ஆனாலும் மூன்று கல்லூரியின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்திடமும் பொருளாதார மேஜரின் சி.ஐ.பி. எண்ணை இப்போதே கேளுங்கள். மூன்றாம் ஆண்டில் கணித மேஜரை விட்டுவிட்டாள் என்றால் அந்த எண்தான் மிஞ்சும்.

#12 வானிலை

நடுக்கோடு சொன்னதோடு இதையும் சேருங்கள். இந்தக் கல்லூரிகளில் முதுகலைப் பாடம் கிடையாது. பெரிய பல்கலைக்கழகத்தில் படிக்கும் கெட்டிக்காரர்கள் நான்காம் ஆண்டில் முதல் வருட பிஎச்.டி. பாடம் ஒன்றை எடுத்துப் பார்ப்பார்கள், இங்கே முடியாது. ஈடுகட்டுவது பேராசிரியரோடு செய்யும் தனிப் படிப்பும் அவர் எழுதும் பரிந்துரைக் கடிதமும். நான்கு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவர் எழுதும் கடிதத்துக்கும், 300 பேர் வகுப்பில் மதிப்பெண் பார்த்து எழுதும் கடிதத்துக்கும் எடை வேறு. கார்ல்டனும் கிரின்னலும் மாணவர் எண்ணிக்கைக்கு ஒப்பிட்டால் பின்னாளில் முனைவர் பட்டம் பெறுவோரை மிக அதிகமாக உருவாக்குபவை. மெக்கலெஸ்டரும் பின்தங்கியது இல்லை.

#13 பயணச்சீட்டு

ஊரைப் பற்றி யாரும் பேசவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன்.

மெக்கலெஸ்டர் செயின்ட் பால் நகரத்துக்குள், கிராண்ட் அவென்யூவும் ஸ்னெல்லிங் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில். வாசலில் ஏ லைன் பேருந்து ஏறி 46-ஆம் தெரு நிலையத்தில் இறங்கி, ப்ளூ லைன் ரயில் பிடித்தால் விமான நிலையம். பெட்டியோடு தனியாக வந்திறங்கும் பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி. பாட நாட்களில் இன்டர்ன்ஷிப் செய்யவும் நகரம் உதவும், ஆனால் அதற்கு சி.பி.டி. என்ற, படிக்கும்போதே வேலை செய்யும் அனுமதி வேண்டும், பொதுவாக ஒரு கல்வியாண்டு முடிந்த பிறகே கிடைக்கும். பன்னாட்டு மாணவர் சூழல் அங்கே பழையது: 1950 முதல் ஐ.நா. கொடி பறக்கிறது, கோஃபி அன்னான் 1961-இல் அங்கே பட்டம் பெற்றார்.

கார்ல்டன் இருக்கும் நார்த்ஃபீல்ட், மினியாபோலிஸ்-செயின்ட் பால் இரட்டை நகரத்துக்குத் தெற்கே முக்கால் மணி, ஒரு மணி நேர ஓட்டம். ஊரில் செயின்ட் ஓலஃப் என்ற இன்னொரு கல்லூரியும் இருப்பதால் 20,000 பேர் ஊர் என்றாலும் மாணவர் களை உண்டு. வளாகத்தை ஒட்டி 800 ஏக்கருக்கு மேல் காடும் புல்வெளியும்.

கிரின்னல் மூன்றிலும் ஒதுங்கியது. 80-ஆம் நெடுஞ்சாலையில், டெ மொய்னுக்கும் அயோவா சிட்டிக்கும் நடுவில், பத்தாயிரம் பேர்கூட இல்லாத ஊர். பயணிகள் ரயில் கிடையாது. டெ மொய்ன் விமான நிலையம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இடைவேளைகளில் கல்லூரி வண்டி விடுகிறதா, ஒரு தடவைக்கு எவ்வளவு என்று கேட்டு, அதை வருடச் செலவில் சேருங்கள். ஊர் சின்னதாக இருப்பதால் எல்லாரும் வளாகத்துக்குள்ளேயே வாழ்கிறார்கள், நட்பு இறுகும். தனிமைக்குச் சட்டென்று வாடுகிற பிள்ளைக்கு பிப்ரவரி மாதம் நீளமாக இருக்கும்.

குளிர் மூன்று இடத்திலும் கடுமைதான், அதை வைத்துப் பிரிக்க வேண்டாம். கோட்டும் பூட்ஸும் ஊரில் வாங்காமல் அங்கே போய் வாங்கட்டும். சைவச் சாப்பாடு மூன்றிலும் உண்டு. கேட்க வேண்டியது விடுமுறையில் உணவகம் மூடும் நாட்களைத்தான். அந்த நாட்களில் விடுதியில் தங்கலாமா, தினக் கட்டணம் உண்டா, சமையலறை திறந்திருக்குமா என்று கேளுங்கள்.

#14 இளவேனில்

இதே இழையில் ஒரு துணைக் கேள்வி, மன்னிக்கவும். எங்கள் பட்டியலில் இவ்வளவு பெயர் இல்லாத, மிகச் சின்னக் கல்லூரி ஒன்று பெரிய மெரிட் தந்திருக்கிறது. மூடிவிடும் கல்லூரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

#15 கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி. பயம் நியாயமானதுதான். மார்ல்பரோ 2020-இல் மூடியது. வெல்ஸ், பர்மிங்ஹாம்-சதர்ன் இரண்டும் 2024-இல் மூடின. வெல்ஸ் அறிவித்ததற்கும் மூடியதற்கும் நடுவே சில வாரங்கள்தான் இருந்தன. எஃப்-1 மாணவருக்கு இது இரட்டை அடி, ஏனென்றால் வேறு கல்லூரிக்கு சீவிஸ் என்ற அரசின் பன்னாட்டு மாணவர் பதிவை மாற்றியாக வேண்டும், உதவித்தொகை கூடவே வராது.

பார்க்க வேண்டியது நான்கு. ஒன்று, கல்வித் துறையின் காலேஜ் நேவிகேட்டரில் மாணவர் எண்ணிக்கை: ஐந்தாறு வருடமாகத் தொடர்ந்து இறங்குகிறதா? இரண்டு, அதே துறை வெளியிடும் நிதிப் பொறுப்பு மதிப்பெண்: மைனஸ் 1 முதல் 3 வரை, 1.5-க்குக் கீழே என்றால் கவலைப்பட வேண்டியது. மூன்று, அங்கீகாரம் தரும் அமைப்பின் தளத்தில் அந்தக் கல்லூரியின் பெயருக்குப் பக்கத்தில் எச்சரிக்கை, ப்ரொபேஷன் என்று ஏதாவது இருக்கிறதா? நான்கு, வருமான வரித் துறைக்குத் தரும் 990 படிவம். அது பொது ஆவணம். வரவைவிடச் செலவு வருடா வருடம் கூடுகிறதா, எண்டோமென்ட்டிலிருந்து எடுப்பது பெருகுகிறதா என்று தெரியும். மாணவர் எண்ணிக்கையும் நிதி மதிப்பெண்ணும் இரண்டும் சரிந்தால் மெரிட் எவ்வளவு பெரியதானாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

#16 மருதாணி

பதில்கள் வந்துவிட்டன. தாளையும் மகள் போட்டு முடித்தாள். கிரின்னல் தாளில் முடிச்சு இல்லை, கார்ல்டன் தாளில் காம்ப்ஸ் மட்டும் நெருக்குகிறது, மெக்கலெஸ்டரில் வெளிநாட்டுப் படிப்பை ஒரு பருவம் மாற்றினால் சரியாகிறது. மனசு கார்ல்டனில் இருக்கிறது, 10 வாரம்தான் தனக்குப் பொருந்தும் என்கிறாள். ஆனால் குடும்பப் பங்கு வருடம் 6,000 டாலர் அதிகம். உதவியைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவாகுமா?

#17 கணக்குப்பிள்ளை

ஆகாது அம்மா. அப்பீல் என்பது அவர்கள் வழக்கத்திலேயே இருக்கிறது. எப்படிக் கேட்கிறோம் என்பதுதான் முக்கியம். "அந்தக் கல்லூரி அதிகம் தந்தது, நீங்களும் தாருங்கள்" என்ற தொனி நீட் மட்டும் தரும் இடத்தில் எடுபடாது. சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்ற உதவி விண்ணப்பத்தில் சரியாக விழாத செலவு என்னவென்று தேடுங்கள். தாத்தா பாட்டி மருத்துவச் செலவு, கட்டிக்கொண்டிருக்கும் கடன், ஓய்வு பெறப்போகும் வருடம், விற்க முடியாத பூர்வீக நிலத்தைச் சொத்தாகக் கணக்கிட்டிருப்பது, இப்படி ஏதாவது இருக்கும். அதை ஒரு பக்கக் கடிதமாக, ரூபாயிலும் டாலரிலும் எழுதி, ரசீதுகளின் ஆங்கில மொழிபெயர்ப்போடு அனுப்புங்கள். கிரின்னல் கடிதத்தின் நகலை இணைக்கலாம், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுப்பதாக மட்டும். எவ்வளவு இருந்தால் வர முடியும் என்று ஒரு எண் சொல்லுங்கள். ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். பதில் வர ஒரு வாரம் ஆகலாம்.

முழுதாகத் தராவிட்டால் என் கருத்து கிரின்னல். வருடம் 6,000 என்றால் நான்கு வருடத்தில் குறைந்தது 24,000 டாலர். அந்த வித்தியாசத்தைக் கடன் வாங்கி நிரப்பினால், ப்ரீ-டாக் சம்பளத்தில் இரண்டு வருடம் அதைத்தான் கட்டிக்கொண்டிருப்பாள்.

#18 ஆற்றுமணல்

நான் இங்கே மாறுபடுகிறேன். 10 வாரம் தனக்குப் பொருந்தும் என்று தாள் போட்டுப் பார்த்துவிட்டு அவளே சொல்கிறாள். பாதி தந்தால்கூட கார்ல்டன் என்பேன். கடன் இல்லாமல் குடும்பத்தால் தாங்க முடிகிற பாதியாக இருந்தால் மட்டும்.

#19 பதிவேடு

எதை எடுத்தாலும் அடுத்த வேலைகளின் வரிசை இது. ஒரே இடத்தில் மட்டும் டெபாசிட் கட்டுங்கள். இரண்டு இடத்தில் கட்டியது தெரிந்தால் இரண்டும் அனுமதியை ரத்து செய்யலாம். அன்றே மற்ற இரண்டுக்கும் போர்ட்டலில் மறுப்புத் தெரிவியுங்கள், காத்திருப்புப் பட்டியலில் உள்ள பிள்ளைகளுக்கு அந்த இடமும் உதவிப் பணமும் போகும். பிறகு வங்கிச் சான்றும் பாஸ்போர்ட் நகலும் அனுப்பினால், விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவம் வரும். அதில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா, குடும்பப் பங்கும் கல்லூரி உதவியும் கூட்டினால் மொத்தச் செலவுக்குச் சரியாக வருகிறதா என்று பாருங்கள். விசா நேர்காணலில் கேள்வி வருவது அந்த எண்களில்தான். ஐ-20-இல் இருக்கும் சீவிஸ் எண்ணை வைத்து 350 டாலர் ஐ-901 கட்டணம், பிறகு டி.எஸ்-160 விசா விண்ணப்பம், பிறகு சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் நாள். மே இரண்டாம் வாரத்துக்குள் நாள் பிடிக்கப் பாருங்கள், ஜூன் வந்துவிட்டால் கூட்டம் ஏறிவிடும்.

#20 மருதாணி

அப்பீல் கடிதம் இன்று காலை போய்விட்டது. பாட்டியின் டயாலிசிஸ் ரசீதுகள் இணைத்திருக்கிறோம், எண் 4,500 என்று எழுதியிருக்கிறோம். பதில் வந்ததும் இங்கே பதிகிறேன்.